நான் பல்லு விளக்குறேங்க!

செமஸ்டர் முடிஞ்சு ஊருக்கு வந்து நாலு நாள் ஆச்சு. இன்னும் ரெண்டு வாரத்துக்கு காஸ்ட் அக்கவுண்டிங் பக்கம் தலைவச்சுப் படுக்கப் போறதில்லைங்கிற சந்தோஷத்துல, ரொம்ப நாளா எழுதணும் எழுதணும்னு தள்ளிப் போட்டுக்கிட்டே வந்த ஒரு விஷயத்தை இன்னைக்கு எழுதிடலாம்னு உட்கார்ந்துட்டேன். கூடப் படிக்கிறவங்களுக்கு இதுல பாதிக் கதை தெரியும். மீதிப் பாதி தெரியாது.

விஷயம் என்னோட பல்லு.

ஃபர்ஸ்ட் இயர்ல ஹாஸ்டல்ல சேர்ந்த மூணாவது நாள். ரூம்மேட் கடைக்குப் போயிட்டு வந்து ஒரு கவரைக் கையில கொடுத்தா. உள்ளே ஒரு புது டூத்பிரஷ், ஒரு பேஸ்ட். "தப்பா நினைச்சுக்காதடி, வீட்ல வாங்கித் தர மறந்திருப்பாங்கன்னு நினைச்சேன்..." அவ முகத்துல கேலியே இல்லை. நிஜமாவே உதவி பண்றதா நினைச்சுத்தான் கொடுத்தா. கேலி பண்ணியிருந்தா திருப்பித் திட்டியிருக்கலாம். இதுக்கு என்ன பண்றது? "தேங்க்ஸ்"னு வாங்கி வச்சுக்கிட்டேன். ராத்திரி பாத்ரூம்ல அழுதேன். அப்புறம் அந்த பிரஷ்ஷாலேயே பல்லு விளக்கினேன். அன்னைக்கு அது மூணாவது தடவை.

ஆமாங்க, நான் பல்லு விளக்குறவதான். விளக்காததால வந்த கதை இல்லை இது, விளக்கி விளக்கி வந்த கதை.

எங்க ஊர் தர்மபுரி மாவட்டத்துல, பென்னாகரம் பக்கம். எங்க ஸ்கூல் குரூப் போட்டோவை யாராவது பார்த்தா ஒண்ணு கவனிக்கலாம். யாருமே வாயைத் திறந்து சிரிச்சிருக்க மாட்டாங்க. திறந்தா முன்பல்லுல காபிக்கறை மாதிரி பழுப்புக் கோடு தெரியும். சிலருக்குச் சுண்ணாம்பு தெறிச்ச மாதிரி வெள்ளைத் திட்டு. சிலருக்குக் குட்டிக் குட்டிக் குழி. எனக்கு மேல்வரிசை முன்பல்லு ரெண்டுலயும் நல்ல அழுத்தமான பழுப்பு. ஊருக்குள்ள இருந்த வரைக்கும் அது ஒரு விஷயமாவே தெரியலை. எல்லாருக்கும் இருக்கு, எனக்கும் இருக்கு. சேலத்துக்குப் படிக்கப் போனப்புறம்தான் அது "அழுக்கு"ன்னு தெரிஞ்சுது.

அதுக்கு முன்னாடியே வீட்ல வைத்தியம் நடந்துக்கிட்டுதான் இருந்தது. உப்பும் அடுப்புக்கரியும் சேர்த்துத் தேய்ச்சோம். பாட்டி ஒரு காலத்துல செங்கல் பொடியைக் கொடுத்தாங்க. பத்தாவது படிக்கும்போது யாரோ சொன்னாங்கன்னு எலுமிச்சம்பழச் சாத்துல உப்பைத் தொட்டு ஒரு மாசம் தேய்ச்சேன். முதல் ரெண்டு நாள் பளபளன்னு இருக்கிற மாதிரி ஒரு பிரமை. அப்புறம் பார்த்தா கறை அப்படியே இருக்கு, பல்லுதான் கூச ஆரம்பிச்சுது. பச்சைத் தண்ணி பட்டாக்கூட உச்சந்தலை வரைக்கும் இழுக்கும். காலேஜ் வந்தப்புறம் கடையில இருக்கிறதுலயே கெட்டியான 'ஹார்டு' பிரஷ்ஷா தேடி வாங்கி, ஒரு நாளைக்கு மூணு தடவை, பாத்திரம் விளக்குற மாதிரி தேய்ச்சேன்.

செகண்ட் இயர் கடைசியில கூச்சம் தாங்க முடியாம ஒரு பல் மருத்துவக் கல்லூரிக்குப் போனேன். அங்க ஓபி-யில செலவு கம்மி, படிச்சுக்கிட்டு இருக்கிறவங்க பார்ப்பாங்க, பெரிய டாக்டர் வந்து சரி பார்ப்பார். துணைக்கு ரூம்மேட் வந்தா. (அதே டூத்பிரஷ் ரூம்மேட்தான். இப்ப உயிர்த்தோழி.)

அந்த ஹவுஸ் சர்ஜன் அக்கா வாயைப் பார்க்கிறதுக்கு முன்னாடி கேட்ட கேள்விகளே எனக்கு ஆச்சரியமா இருந்தது. சுகர் இருக்கா, பிரஷர் மாத்திரை ஏதாவது சாப்பிடுறியா, ஃபிட்ஸுக்கு மாத்திரை உண்டா, நெஞ்செரிச்சல் வருமா, அடிக்கடி வாந்தி எடுப்பியா, வாய் உலர்ந்து போகுதா. "அக்கா, நான் பல்லைக் காட்ட வந்தேன்"னேன். அவங்க சிரிச்சுட்டு சொன்னாங்க. சில பிரஷர் மாத்திரைக்கும் சில வலிப்பு மாத்திரைக்கும் ஈறு வீங்கி பல்லு மேல ஏறி வளருமாம். வயித்து அமிலம் அடிக்கடி மேல வர்றவங்களுக்கு முன்பல்லோட உள்பக்கம் கரைஞ்சு போயிருக்குமாம், அவங்களுக்கே தெரியாது. எச்சில் குறைஞ்சா சொத்தை வேகமா வரும், நிறைய மாத்திரைங்க எச்சிலைக் குறைக்கும். பல்லு என்னமோ வாய்க்குள்ள தனிக்குடித்தனம் நடத்துற மாதிரிதான் நான் அதுவரைக்கும் நினைச்சுக்கிட்டு இருந்தேன்.

அப்புறம் லைட்டைப் போட்டு வாயைப் பார்த்தாங்க. பார்த்த உடனே கேட்ட கேள்வி: "எந்த ஊரு? தர்மபுரியா, கிருஷ்ணகிரியா?"

எனக்குத் தூக்கி வாரிப் போட்டுது. ஜோசியக்காரர் கூட இவ்வளவு கரெக்டா சொல்ல மாட்டார்.

"இது அழுக்கு இல்லைம்மா, ஃபுளோரோசிஸ். உங்க ஊர் போர்த் தண்ணி."

அன்னைக்கு அவங்க சொன்னதும், அதுக்கப்புறம் நானா தேடிப் படிச்சதும் சேர்த்து இங்க சொல்றேன். எங்க பக்கத்துப் பாறையில ஃபுளோரைடு உள்ள கனிமங்கள் இருக்கு. அது கரைஞ்சு நிலத்தடித் தண்ணில கலக்குது. குடிதண்ணில லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரைக்கும் ஃபுளோரைடு இருக்கலாம், வேற தண்ணிக்கு வழியே இல்லைன்னா 1.5 வரைக்கும் போகலாம்னு இந்தியத் தர நிர்ணயம் சொல்லுது. அதுக்கு மேல போற தண்ணியைக் குழந்தையில இருந்து குடிச்சா, ஈறுக்குள்ள நிரந்தரப் பல்லு உருவாகிக்கிட்டு இருக்கும்போதே எனாமல் சரியா முதிராம, கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகளோட உருவாகிடுது. பல்லு வெளிய வந்தப்புறம் அந்த ஓட்டைகள்ல நிறம் ஏறிப் பழுப்பாகுது. கறை பல்லு மேல ஒட்டிக்கிட்டு இல்லை, பல்லுக்குள்ளேயே இருக்கு. எந்த பிரஷ்ஷாலயும் எந்தக் கரியாலயும் அதைத் தேய்ச்சு எடுக்க முடியாது.

இது நம்ம ஊருக்கு மட்டும் வந்த சாபமும் இல்லை. 1901-ல ஃபிரெடெரிக் மெக்கேன்னு ஒரு இளம் பல் டாக்டர் அமெரிக்காவுல கொலராடோ ஸ்பிரிங்ஸ் ஊருக்கு வேலைக்குப் போறார். அந்த ஊர்ப் பிள்ளைங்க பல்லெல்லாம் பழுப்பு. காரணம் தேடியே அவருக்குப் பல வருஷம் போச்சு. கடைசியில 1931-ல ஒரு அலுமினியக் கம்பெனியோட வேதியியலாளர் சர்ச்சில்ங்கிறவர்தான் தண்ணில ஃபுளோரைடைக் கண்டுபிடிச்சார். நம்ம பக்கம் 1937-லயே, அப்போ மதராஸ் மாகாணத்துல இருந்த நெல்லூர்ப் பகுதி ஜனங்களுக்கு ஃபுளோரைடால எலும்பே இறுகி முதுகு வளையுதுன்னு ஷார்ட்ங்கிற டாக்டரும் கூட இருந்தவங்களும் எழுதியிருக்காங்க. 1937! என் பாட்டி செங்கல் பொடி கொடுத்தது அதுக்கெல்லாம் எத்தனையோ வருஷம் கழிச்சு. விஷயம் தெரிஞ்சவங்ககிட்டேயிருந்து எங்க தெருவுக்கு அது வந்து சேரலை, அவ்வளவுதான்.

என்னை ரொம்ப உலுக்கினது இன்னொரு விஷயம். எங்கம்மா நான் கைக்குழந்தையா இருந்ததில இருந்து தண்ணியைக் கொதிக்க வச்சு ஆற வச்சுதான் கொடுப்பாங்க. தெருவுல வேற யாரும் அவ்வளவு மெனக்கெட மாட்டாங்க. கொதிக்க வச்சா கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது. தண்ணி ஆவியாகிற அளவுக்கு மிச்சத் தண்ணில அது இன்னும் கொஞ்சம் கூடத்தான் செய்யும். இதை அம்மாகிட்ட நான் இன்னும் சொல்லலை. சொல்லப் போறதும் இல்லை. (அம்மா இதைப் படிக்க மாட்டாங்கங்கிற தைரியத்துலதான் எழுதறேன். தெரிஞ்சவங்க யாரும் போய் வத்தி வைக்காதீங்க.)

சரி, கூச்சத்துக்கு வருவோம். அது தண்ணி செஞ்சது இல்லை, நானே செஞ்சுக்கிட்டது. அக்கா ஒரு சின்னக் கண்ணாடியைக் காட்டினாங்க. ஈறும் பல்லும் சேர்ற இடத்துல, கோடாலியால லேசா வெட்டின மாதிரி நாலு பல்லுல பள்ளம். கெட்டி பிரஷ்ஷை வச்சு ரம்பம் இழுக்குற மாதிரி குறுக்கால தேய்ச்சுத் தேய்ச்சு வந்தது. மனுஷ உடம்புலயே ரொம்பக் கெட்டியான பொருள் எனாமல்தான், ஆனா அதுல உயிருள்ள செல் கிடையாது. போனா திரும்ப வளராது. எங்க பாஷையில சொன்னா, டெப்ரிசியேஷன் மட்டும் உண்டு, ரீப்ளேஸ்மென்ட் ரிசர்வ் கிடையாது. அதிலயும் எலுமிச்சைச் சாறு அமிலம். அது பட்டதும் எனாமல் மேல்பரப்பு இளகிப் போகும், அந்த நேரத்துல உப்பை வச்சுத் தேய்ச்சா உப்புத்தாள் போட்டு இழைக்கிற மாதிரி. புளிப்பு எதைச் சாப்பிட்டாலும், வாந்தி எடுத்தாலும், உடனே பல்லு விளக்கக் கூடாதாம். வாயைக் கொப்பளிச்சுட்டு அரைமணி நேரம் விட்டுடணும். நான் என்ன பண்ணேன்? ஊர்ல நாலு பேர் அழுக்குன்னு நினைக்கக் கூடாதேன்னு நல்ல பல்லைச் சுரண்டி எடுத்தேன்.

இதுல ஒரு காமெடி. என் வாய்ல ஒரு சொத்தை கூட இல்லை. "சும்மா வந்ததுக்கு நீயும் காட்டிக்கோ"ன்னு ரூம்மேட்டை உட்கார வச்சா, முத்து மாதிரி வெள்ளைப் பல்லு, கடைவாய்ல மூணு சொத்தை! அவளுக்குப் படிக்கும்போது டாஃபி வேணும். பக்கத்துக்கு ஒண்ணுன்னு ராத்திரி ஒரு மணி வரைக்கும் ஓடும். இனிப்பு உள்ள போன சில நிமிஷத்துலயே வாய்க்கிருமி அதை அமிலமாக்கிடும். அதை எச்சில் கழுவிப் பழைய நிலைக்குக் கொண்டுவர அரைமணியில இருந்து ஒரு மணி நேரம் ஆகும். அதுக்குள்ள அடுத்த டாஃபி. பாவம், அந்த எச்சில் எப்போதான் வேலையை முடிக்கும்? மொத்தம் எவ்வளவு சர்க்கரை சாப்பிடுறோம்ங்கிறதை விட எத்தனை தடவை சாப்பிடுறோம்ங்கிறதுதான் கணக்கு. 1940-கள்ல ஸ்வீடன்ல விப்பேஹோல்ம்ங்கிற மனநலக் காப்பகத்துல இருந்தவங்களுக்கு ஒட்டுற டாஃபியைக் கொடுத்துக் கொடுத்து, பல்லு கெடுறதைப் பார்த்து இதை நிரூபிச்சிருக்காங்க. படிச்சப்போ எனக்குக் குமட்டிக்கிட்டு வந்தது. எந்த வீட்டுப் பிள்ளைங்களோ, வேணாம்னு சொல்லத் தெரியாதவங்க.

ரூம்மேட் அன்னைக்கு பஸ்ல ரொம்ப நேரம் பேசவே இல்லை. இறங்குறப்போ, "அந்த பிரஷ்ஷை நீ அன்னைக்கே என் மூஞ்சில எறிஞ்சிருக்கணும்டி"ன்னா.

இதோட முடிஞ்சிருந்தா இது வெறும் என் பல்லுக் கதை. அடுத்த மாசம் அந்தப் பள்ளத்தை அடைக்கப் போனப்போ, பணம் கொடுக்க அப்பா வந்திருந்தார். எங்கப்பா மினி லாரி ஓட்டுறார். வயசு 47. அந்த ஆறு மாசத்துல அவருக்கு ரெண்டு பல்லு விழுந்திருந்தது. ஒண்ணு சாப்பிடும்போது சோத்தோட வந்துது. இன்னும் மூணு ஆடிக்கிட்டு இருந்தது. கேட்டா, "எங்கப்பாவுக்கும் இப்படித்தாம்மா கொட்டுச்சு. நம்ம ஊர்த் தண்ணி அப்படி"ம்பார். எனக்கும் இப்போ தண்ணி பத்தி எல்லாம் தெரியுமே! ஃபுளோரைடுன்னு நாலு வார்த்தை சேர்த்துவிட்டு, அவர் சொன்னதை நானே உறுதிப்படுத்தினேன். இதை நினைச்சாதான் எனக்கு இன்னைக்கும் உள்ளுக்குள்ள என்னமோ பண்ணுது.

அந்த அக்கா அப்பாவைச் சும்மா விடலை. "ஐயா, நீங்களும் வாயைக் காட்டுங்க"ன்னாங்க.

"எனக்கு ஈறுல ரத்தமே வராதுங்க. பல்லு மட்டும்தான் ஆடுது. நம்மூர் தண்ணிங்க."

"பீடி பிடிப்பீங்களா?"

"...கொஞ்சம்."

(கொஞ்சம்னா நாளைக்கு ஒரு கட்டு.)

பீடி சிகரெட் பிடிக்கிறவங்களுக்கு ஈறுல ரத்தக்குழாய் சுருங்கிப் போறதால ரத்தம் கசியறது குறைஞ்சிடுமாம். உள்ளே வீடு எரிஞ்சுக்கிட்டு இருக்கும், வெளிய புகை தெரியாது. மத்தவங்களுக்கு ரத்தம் வந்து எச்சரிக்கும், இவருக்கு அந்த எச்சரிக்கையும் இல்லை. எக்ஸ்ரே எடுத்தாங்க. பல்லைப் பிடிச்சு நிக்க வேண்டிய எலும்பு பாதிக்கு மேல கரைஞ்சிருந்தது. பெரிய டாக்டர் வந்து பார்த்துட்டு அப்பாகிட்ட மெதுவா கேட்டார். "ராத்திரில எத்தனை தடவை ஒண்ணுக்குப் போக எழுந்திருக்கறீங்க? உடம்பு இளைச்சிருக்கா?"

நாலு தடவை. இளைச்சிருந்தது. நாங்க எல்லாரும் வெயில்ல வண்டி ஓட்டறதால இளைச்சிட்டார்னு நினைச்சுக்கிட்டு இருந்தோம்.

அங்கேயே விரல்ல குத்திப் பார்த்தாங்க. 312.

அப்பா என் முகத்தைப் பார்த்தார். நான் சுவத்துல ஒட்டியிருந்த பல்லுப் படத்தைப் பார்த்தேன்.

சுகர் கட்டுப்பாட்டுல இல்லைன்னா உடம்போட எதிர்ப்புச் சக்தி ஒழுங்கா வேலை செய்யாது, ஈறுல இருக்கிற கிருமிக்குக் கொண்டாட்டம். ஈறுல புண் இருந்தா அந்த அழற்சியால இன்சுலின் சரியா வேலை செய்யாது, சுகர் இன்னும் ஏறும். ஒண்ணு இன்னொண்ணைத் தூக்கி விடும், கந்துவட்டி மாதிரி. நல்ல சேதி என்னன்னா, திருப்பியும் இது ஓடும். ஈறை ஆழமாச் சுத்தம் பண்ணி சரி பண்ணினா, மூணு நாலு மாசத்துல அந்த ஹெச்பிஏ1சி-ங்கிற மூணு மாசச் சராசரி 0.4 சதவீதப் புள்ளி அளவுக்குக் குறையுதுன்னு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவங்க சொல்றாங்க. மாத்திரையை நிறுத்திடலாம்னு அர்த்தம் இல்லை, மாத்திரைக்கு இது ஒரு கை கொடுக்குது.

அப்பாவுக்கு அது 10.4 இருந்தது. மாத்திரை, ராத்திரி சோத்துக்குப் பதில் அளவா சாப்பாடு, நாலு தடவையா ஈறுக்குக் கீழ இருந்த பற்காரையைச் சுரண்டி எடுத்தது, எல்லாம் சேர்த்து மூணு மாசத்துல 7.9. ஈறு க்ளீன் பண்ணப் போக அவர் முதல்ல ஒத்துக்கவே இல்லை. "க்ளீன் பண்ணா நல்லா இருக்கிற பல்லும் ஆடும், லாரி ஷெட்ல எல்லாரும் சொல்றாங்க"ன்னார். ஆடுற பல்லை இத்தனை நாளா அந்தக் காரைதான் சிமென்ட் மாதிரி பிடிச்சுக்கிட்டு இருந்திருக்கும், எடுத்ததும் உண்மை நிலவரம் தெரியும், ஈறு ஆறினதும் கொஞ்சம் இறுகும்னு டாக்டர் புரிய வச்சார். மூணுல ரெண்டு பல்லு தங்கிடுச்சு. ஒண்ணைப் பிடுங்க வேண்டியதாப் போச்சு. "களி சாப்பிடறவனுக்குப் பல்லு எதுக்கும்மா, முழுங்குறதுதானே"ன்னு அப்பா சிரிக்கிறார். பீடி கட்டுல இருந்து நாலுக்கு வந்திருக்கு. நாலுன்னு அவர் சொல்றார். நான் சட்டைப் பையை ஆடிட் பண்ணலை.

யோசிச்சுப் பார்த்தா எங்க வீட்டுக் கணக்கு மொத்தமும் தலைகீழ். தண்ணி செஞ்ச தப்புக்கு நான் என்னையே குத்தவாளியாக்கித் தேய்ச்சுக்கிட்டேன். தண்ணி செய்யாத தப்புக்கு அப்பா தண்ணி மேல பழியைப் போட்டுட்டு நிம்மதியா இருந்தார். எந்தச் செலவை எந்தக் கணக்குல எழுதணும்னு மூணு வருஷமா படிக்கிறேன், வீட்ல ரெண்டு என்ட்ரியும் தப்பு.

என் பழுப்பு இன்னும் அப்படியேதான் இருக்கு. மேல்பரப்பை லேசா இழைச்சு எடுக்கலாம், போதலைன்னா பல்லு நிறத்துல பூச்சு வைக்கலாம்னு சொன்னாங்க. வச்சிருந்த பணம் அப்பா பக்கம் போயிடுச்சு, அதுல எனக்கு வருத்தமும் இல்லை. பள்ளத்தை மட்டும் அடைச்சாச்சு. சாஃப்ட் பிரஷ், பட்டாணி அளவு பேஸ்ட், ரெண்டு வேளை, ரெண்டு நிமிஷம். போன மாசம் ஒரு கேம்பஸ் இன்டர்வியூல வாயைக் கையால மூடாமலேயே பேசினேன். வேலை கிடைக்கலைங்க. பல்லால இல்லை, ஜிஎஸ்டி-ல கேட்ட கேள்விக்கு உளறினதால!

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013 மே மாசம் தொடங்குச்சு. தர்மபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் காவிரித் தண்ணி, 1,900 கோடி ரூபாய்க்கு மேல செலவு. எங்க ஊர்ல இருந்து பஸ் ஏறினா ஒரு மணி நேரத்துக்குள்ள காவிரி கொட்டுறதைப் பார்க்கலாம், ஆனா அதுவரைக்கும் நாங்க குடிச்சது பாறைக்கடியில இருந்து வந்த போர்த் தண்ணி. நான் பிறந்தது 2005. எங்க தெருக் குழாய்ல அந்தத் தண்ணி வந்தப்போ எனக்கு ஒன்பது வயசு. முன்பல்லோட எனாமல் எல்லாம் அதுக்கு ரொம்ப முன்னாடியே உருவாகி முடிஞ்சுடும். என் தம்பி பிறந்தது 2014. ஒரே வீடு, ஒரே அம்மா, அதே கொதிக்க வச்ச சொம்பு, வேற தண்ணி.

இதை எழுதிக்கிட்டு இருக்கும்போது அவன் எதிர்ல உட்கார்ந்து டிவி பார்த்து இளிச்சுக்கிட்டு இருக்கான். வாயெல்லாம் பளீர்னு வெள்ளை. அம்மா சமையல்கட்டுல இருந்து கத்துறாங்க, துரை இன்னைக்கும் பல்லு விளக்கலையாம். கையில வேற என்னமோ டாஃபி இருக்கு. இருங்க, பிடுங்கிட்டு வர்றேன்.